லொறி உரிமையாளரே, கணக்கு எங்கே?

"வரி அலுவலர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறும் யாழ்ப்பாணத்து லொறி உரிமையாளரை நாம் கேட்கின்றோம்: எதைக் காட்டிப் பார்த்துக்கொள்வீர்கள்?

2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. பதிவுக்கான ஆண்டு வரம்பும் 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவாக இறக்கப்பட்டது. வரம்பு இலாபத்துக்கன்று, மொத்த வரவுக்கு. டீசலுக்கும் டயருக்கும் சாரதிக்கும் கொடுத்தபின் மிஞ்சுவது சொற்பமாயினும் தாண்டியவர் தாண்டியவரே.

2002 இல் ஏ-9 வீதி திறந்து 2006 ஆகஸ்டில் மூடப்படும் வரை நமது சரக்கு அரசாங்கத்துக்கும் வரி இறுத்தது, வன்னியில் புலிகளுக்கும் இறுத்தது. வழியிலேயே காசைக் கொடுத்துக் காரியம் முடிக்கும் பழக்கம் அக்காலத்து மிச்சம். இன்றைய சோதனை வீதியில் நடப்பதன்று, மேசையில் நடப்பது. பயணந்தோறும் சரக்குச் சீட்டு, கூலிப் பற்றுச்சீட்டு, டீசல் பில், நடுவழியில் மாற்றிய டயரின் சீட்டு, எல்லாம் ஒரே கோவையில் இருத்தல் வேண்டும். இல்லையேல், 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி அலுவலர் தம் மதிப்பீட்டை எழுதுவார். அது பிழையென நிறுவும் பாரம் உங்களுடையது.

கமக்காரர் "எமக்கென்ன?" என்னலாகாது. அத்தொகை நாளை சுன்னாகத்தில் ஏற்றும் வெங்காய மூடையின் கூலியில் ஏறும். கூலியோடு சேரும் வரியைப் பதிவில்லாத கமக்காரர் எவரிடமும் மீளப்பெற வழியில்லை.

வடக்கின் நிருவாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை. விளங்காத மொழியில் அறிவித்தல் வரின் கையொப்பமிடாதீர்கள். அன்றே தமிழில் கேட்டு எழுதுங்கள், பிரதியைக் கோவையில் வையுங்கள். மதிப்பீட்டை எதிர்த்து நிருவாக மீளாய்வு கோர 30 நாளே உண்டு. மொழிபெயர்ப்பு வரும்வரை அந்நாட்கள் காத்திரா.