சளி துப்பத் தெரியாத பிள்ளைக்கு சளி டெஸ்ட்டா?

நம்ம பேஜ்ல நான் வழக்கமா போடுறது போஸ்டர், மீம், கூட்டத்து லைவ். இன்னிக்கு கொஞ்சம் நீளமான பதிவு. இதுல அரசியல் எங்கேன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க, வரும்.

எங்க அக்கா பையனுக்கு நாலு வயசு. போன வருஷம் மூணு வாரத்துக்கு மேல இருமல். சாயங்காலமானா லேசா காய்ச்சல். எடை ஏறவே இல்லை. அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் அதே வீட்டுல அக்காவோட மாமனாருக்கு காசநோய்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சிருந்தாங்க. பேரன் தூங்குறது தாத்தா பக்கத்துலதான்.

ஒரு தனியார் லேப்ல சின்ன டப்பாவைக் கொடுத்து, "சளி துப்பச் சொல்லுங்க"ன்னாங்க. அவன் துப்பினது எச்சில். ரிப்போர்ட் நெகட்டிவ். அக்கா கோயில்ல தேங்காய் உடைச்சுட்டு வந்தா. இருமல் மட்டும் நிக்கல. ஒரு மாசம் கழிச்சு அரசு மருத்துவமனைக்குப் போனோம். ராத்திரி தங்க வச்சு, விடியற்காலையில வெறும் வயித்துல மூக்கு வழியா டியூப் விட்டு, வயித்துல இருந்து கொஞ்சம் தண்ணி எடுத்து அனுப்பினாங்க. அன்னிக்கே பாசிட்டிவ்னு வந்துடுச்சு.

நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ். மீட்டர் சைபர் காட்டினா உடனே கரண்ட் இல்லைன்னு எழுத மாட்டோம். ஒயர் மாட்டியிருக்கான்னு பார்ப்போம். அந்த முதல் ரிப்போர்ட்டில் ஒயரே மாட்டல.

சின்னப் பிள்ளைகளுக்கு சளியைக் காறித் துப்பத் தெரியாது, முழுங்கிடும். அதனாலதான் டாக்டர்கள் அதை வயித்துல போய்த் தேடுறாங்க. ராத்திரி முழுக்க முழுங்கின சளி காலையில் அங்கேதான் இருக்கும். ரெண்டாவது சிக்கல், பிள்ளைகள் உடம்பில் கிருமி எண்ணிக்கையே குறைவு. மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியணும்னா ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமி வேணும். கிருமியோட மரபணுவைத் தேடுற சி.பி.நாட் மெஷினுக்கு 130 அளவு இருந்தால் போதும். அதிலேயே அல்ட்ரா என்ற புது கார்ட்ரிட்ஜுக்கு 16 போதும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ரிசல்ட். கல்ச்சர்னா வாரக்கணக்கு. ஆனா எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் எச்சிலைப் போட்டா எச்சிலைத்தான் டெஸ்ட் பண்ணும்.

இதுக்கு ஒரு எளிமையான வழி ஏற்கெனவே இருக்கு. முழுங்கின சளி கடைசியில் மலத்தில்தானே வந்தாகணும்? அந்த மலத்தையே சி.பி.நாட்டில் போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2020லேயே சொல்லிடுச்சு. ஒரு பட்டாணி அளவு எடுத்து, சளிக்குப் போடுற அதே மருந்துக் கரைசலில் கலக்கி, குலுக்கி, பத்து நிமிஷம் வச்சு, மறுபடி குலுக்கி, இன்னொரு பத்து நிமிஷம் வச்சு, மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை எடுத்தா வேலை முடிஞ்சது. டியூப் வேண்டாம், அட்மிஷன் வேண்டாம், புதுசா மெஷினும் வாங்க வேண்டாம். பிள்ளைக்கு வலியும் இல்லை. (கேட்டதும் முகம் சுளிக்கிறவங்க, மூக்குல டியூப் விடும்போது நாலு வயசுப் பையன் கையை நீங்க பிடிச்சுப் பாருங்க.)

இதை மந்திரம்னு சொல்ல வரல. கல்ச்சரில் உறுதியான பத்துப் பிள்ளைகளை எடுத்தா, மல டெஸ்ட் பிடிக்கிறது ஆறு பேர் அளவுக்குத்தான். அந்த கல்ச்சரே நோய் இருக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு ஒண்ணும் காட்டாது. அதனால பாசிட்டிவ்னு வந்தா நம்பலாம், நெகட்டிவ்னு வந்தா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. எக்ஸ்ரே, எடை, வீட்டுல யாருக்கு நோய் இருக்குன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் முடிவெடுக்கணும். லேப் பேப்பர் மட்டும் போதாது.

ரத்த டெஸ்ட் பத்தியும் சொல்லிடுறேன். ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து டி.பி. சொல்ற டெஸ்ட்டை மத்திய அரசு 2012லேயே தடை செஞ்சாச்சு. இக்ரா ரத்த டெஸ்ட்டும் கையில் ஊசி போட்டுப் பார்க்கிற மாண்டூவும் வேற வகை. கிருமி உள்ளே போயிருக்கான்னுதான் அவை சொல்லும். அது நோயா மாறிடுச்சான்னு சொல்லாது. சத்துக் குறைவான பிள்ளைக்கு மாண்டூ ஏமாத்தவும் செய்யும்.

இப்ப அரசியலுக்கு வரேன். 2025க்குள் காசநோயை ஒழிச்சிடுவோம்னு 2018ல் பிரதமரே அறிவிச்சார். 2015ல் லட்சம் பேருக்கு 237ஆ இருந்த புது நோயாளிகள் 2024ல் 187. குறைஞ்சிருக்கு, ஒழியல. உலக அளவில் நோயாளிகளில் 100க்கு 12 பேர் அளவுக்குப் பிள்ளைகள் இருக்கிறதா கணக்கு. நம்ம நாட்டில் பதிவாகிறது ஏறக்குறைய 6. மீதிப் பிள்ளைகளுக்கு நோய் இல்லைன்னு நான் நம்பல. அவங்க கையிலும் ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட் இருக்கும்னுதான் நினைக்கிறேன்.

நம்ம ஊருக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 1956ல் ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையம் சென்னை சேத்துப்பட்டில்தான் இருக்கு. சானடோரியத்தில் அடைக்காம வீட்டிலேயே வச்சு மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம்னு உலகத்துக்குக் காட்டினது அவங்க. பிள்ளைகளுக்குக் கடுமையில்லாத காசநோய்னா ஆறு மாசத்துக்குப் பதில் நாலு மாச மருந்தே போதும்னு 2022ல் வெளிவந்த ஆய்விலும் சென்னைப் பிள்ளைகள் இருந்தாங்க. கண்டுபிடிச்சிட்டா குணமாக்குறது இப்ப அவ்வளவு சுலபம். கண்டுபிடிக்கிற இடத்துலதான் விடுறோம்.

அக்கா வீட்டு விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒண்ணு. தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்த அன்னிக்கே "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?"ன்னு கேட்டிருக்கணும். விதி அதுதான். வீட்டில் ஒருத்தருக்கு நோய்னா அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளைப் பரிசோதிக்கணும். நோய் இல்லைன்னா தடுப்பு மாத்திரை கொடுக்கணும். யாரும் கேக்கல. எங்களுக்கும் கேக்கத் தெரியல.

அதனால நம்ம கவுன்சிலர்கள், ஒன்றியப் பொறுப்பாளர்கள்கிட்டயும் சேர்த்தே சொல்றேன். மருத்துவ முகாம் போட்டு பி.பி., சுகர் பார்த்து போட்டோ எடுக்கிறது இருக்கட்டும். உங்க வார்டில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை நடந்துச்சான்னு சுகாதார நிலையத்தில் எண்ணிக்கை கேளுங்க. பேர் வேண்டாம், பேர் கேக்கவும் கூடாது.

மத்தவங்க எல்லாரும் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஊர் அரசு மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு வயித்துத் தண்ணியோ மலமோ எடுத்து சி.பி.நாட் பார்க்கிறாங்களான்னு இந்த வாரம் விசாரிச்சு, மாவட்டப் பேரோட கீழே எழுதுங்க. பட்டியல் போட்டு சுகாதாரத் துறைக்கு மனுவா கொடுக்கிற வேலையை எங்க அணி பார்த்துக்கும். அக்கா பையன் மருந்து முடிச்சுட்டான். எடை மூணு கிலோ ஏறியிருக்கு.