கருவுற்ற முட்டை நஞ்சா?

உண்ணும் பொருளைப் பற்றி வினவுவது அறிவுடையார் செயல். ஆனால் வினவிய பின் விடை தேடாமல், அச்சத்தையே விடையாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது. நம் விடுதித் தமிழ் மாணவரிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு உலவுகிறது. "சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டையில் கரு இருக்கும், அதை உண்டால் உடம்புக்கு ஆகாது" என்பதே அது. இப்பேச்சால், வளாகத்தின் பின்வாயிலில் பத்துக் கோழிகளை வைத்துப் பிழைக்கும் மூதாட்டியின் முட்டைகள் விலைபோகாமல் கிடக்கின்றன. விலங்கியல் பயில்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சில சொல்லுதல் என் கடமை.

கோழி முட்டையிடச் சேவல் வேண்டுவதில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். நம் நாமக்கல்லாயினும், இங்குள்ள வடநாட்டுப் பண்ணைகளாயினும், கடைக்கு வரும் வெள்ளை முட்டைகள் பெரும்பாலும் சேவலையே காணாத கோழிகள் இட்டவை. எத்தனை நாள் அடைவைத்தாலும் அவை கூமுட்டைகளாகுமே அன்றிக் குஞ்சு பொரியா. சேவலுடன் திரியும் கோழியின் முட்டையோ கருவுற்றிருக்கலாம்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடுதான் என்ன? உடைத்துப் பார்த்தால் மஞ்சட்கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இரண்டிலும் உண்டு. கருவுறாததில் அது ஒழுங்கற்ற சிறு புள்ளி. கருவுற்றதில் வளையம் போன்று 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அவ்வளவே. சத்தும் சுவையும் சேவலைப் பொறுத்து மாறுவதில்லை. முட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 6 கிராம் புரதம் என்பது இரண்டிற்கும் பொது. பலர் கண்டு அஞ்சும் சிவப்புத் துளியும் கருவின் அடையாளம் அன்று. கோழியின் சினைப்பையிலோ முட்டைக்குழாயிலோ மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று வெடித்தால் அது தோன்றும். சேவலைக் காணாத கோழியின் முட்டையிலும் வரும்.

கரு வளர வெப்பம் வேண்டும். ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 21 நாள் இருந்தால் குஞ்சு வெளிவரும். 20 டிகிரிக்குக் கீழே கரு வளராமல் உறங்கிக் கிடக்கும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்து, மூன்றாம் நாளில் இதயம் ஓர் இரத்தப் புள்ளியாய்த் துடிப்பதைப் பதிந்து வைத்தார். ஆகவே, அன்றன்று எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்த முட்டையில் குஞ்சு ஏதும் இல்லை. குஞ்சே இருந்தாலும் நஞ்சாகிவிடாது. பிலிப்பைன்ஸ் நாட்டினர் இரண்டு வாரத்திற்கு மேல் அடைவைத்த வாத்து முட்டையை வேகவைத்து விரும்பி உண்கின்றனர்.

அப்படியாயின் அஞ்ச வேண்டியது எதற்கு? வெயிலுக்கும் அழுக்கிற்கும்! தில்லியின் மே, சூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்நாளில் வெளியே கிடக்கும் கருவுற்ற முட்டையில் கரு சிறிது வளர்ந்து மடியலாம்; முட்டையும் விரைவில் கெடும். மேலும் சால்மனெல்லா என்னும் நோய்க்கிருமி ஓட்டின் மேலும் இருக்கலாம்; நோயுற்ற கோழியாயின் முட்டையினுள்ளும் இருக்கலாம். அது கருவுற்றது, கருவுறாதது என்று பார்ப்பதில்லை. வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை வேகவைத்தால் மாயும். நாட்டுக்கோழி முட்டைக்கு நடுங்கும் நண்பர் சிலர், பண்ணை முட்டையைப் பச்சையாகப் பாலில் கலந்து குடித்துவிட்டு உடற்பயிற்சிக்குச் செல்கின்றனர். என்னே அவர்தம் எச்சரிக்கை!

இனி, உயிர் என்று கருதி விலக்குவோர் உளர். அவர்களை நான் வணங்குகிறேன். காந்தியடிகள் 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலில், பால் அருந்துவோர் கருவுறாத முட்டையை மறுக்கக் காரணமில்லை என்ற கருத்தை வெளியிட்டார். அதை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. அது அவரவர் நெஞ்சம் தீர்க்க வேண்டிய வழக்கு. வள்ளுவர் புலான் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார்; ஆனால் அவர் அதை அருளின் மேல் நிறுத்தினாரே அன்றி, வயிற்றுவலியின் மேல் நிறுத்தவில்லை.

நான் வேண்டுவது இந்த நேர்மையைத்தான். அருளால் விலக்குவோர் அருளின் பெயரைச் சொல்லி விலக்கட்டும். விஞ்ஞானத்தின் சட்டையைக் கடன் வாங்க வேண்டா. உண்பவரும் "நஞ்சில்லை" என்ற விஞ்ஞானத்தைக் காட்டி, உண்ணாதவரை எள்ள வேண்டா. உடம்புக்குத் தீங்கு உண்டா என்பதற்கு விஞ்ஞானம் விடை சொல்லும். உண்ணலாமா என்பதற்கு நெஞ்சம்தான் விடை சொல்ல வேண்டும்.

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, சப்பாத்தியும் பருப்புமாய்க் காலம் கழிக்கும் தோழர்களே! முட்டை நமக்கு எளிதில் கிட்டும் நல்லுணவு. வெடிப்பில்லாததாய்ப் பாருங்கள், என்று இட்டது என்று கேளுங்கள், நன்றாக வேகவையுங்கள். சேவல் இருந்ததா என்று கேட்டு அந்த மூதாட்டியின் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.