கடலில் கூப்பிட்டால் கரையில் கேட்க ஆள் இருக்கா?



வாடை தொடங்கிவிட்டால் இலங்கைத்துறையிலிருந்து மூதூர், கிண்ணியா வரை மீனவர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "போன் போகுதில்ல." பலநாள் படகுகளில் ரேடியோ செட் உண்டு. நமது பைபர் போட்களில் பெரும்பாலும் கைத்தொலைபேசிதான். கோபுரத்தை விட்டுத் தூரம் போனால் அது வெறும் டோர்ச் லைட்.

ஹாம் ரேடியோ பற்றி எழுதக் காரணம் இதுதான். உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரர் பலரிடம் ஹாம் உரிமம் இருக்கிறது. கடலில் பேசும்போது தமது அழைப்புக்குறியோடு 'எம்எம்' என்று சேர்த்துச் சொல்வார்கள். 14.300 மெகாஹேர்ட்ஸில் அவர்களுக்காகக் கரையிலுள்ள ஹாம்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். படகு எங்கே நிற்கிறது, காற்று எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். சிற்றலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். ஆனாலும் நமக்கு இதில் பெரிதாகப் படுவது அந்தக் கரைக்காரர்தான்.

2004 சுனாமியில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் விக்டர் குணதிலக்கவும் அவரது ஹாம் நண்பர்களும். அதே நாளில் அந்தமான் போர்ட் பிளேயரில் வேறு வேலையாக செட் போட்டிருந்த பாரதி பிரசாத் குழு, தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பியது. கிண்ணியாவும் மூதூரும் அன்று பட்டபாடு நமக்குத் தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய், குச்சவெளிப் பக்கம்தான் கரை ஏறியது.

"அப்போ எல்லாப் போட்டுக்கும் ஹாம் செட் வாங்குவோம்" என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அதற்கு உடன்பாடில்லை. ஹாம் அலைவரிசையில் தொழில் பேச முடியாது. மீன் விலையும் தொழில்தானே. ஒன்லைனில் மலிவாக வாங்கிய கைச்செட்டை உரிமமில்லாமல் அழுத்துவது சட்டப்படி குற்றம். போட்டுக்குத் தேவை கடற்பயண வீஎச்எஃப் செட், அதில் 16ஆம் சனல். போட்டுக்குப் போட்டு சில மைல்தான் எட்டும். கரையில் உயரமான இடத்தில் அன்ரெனா இருந்தால் இன்னும் தூரம் கேட்கும். அந்தக் கரைநிலையத்துக்கான அனுமதியை மீனவர் சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதில் யார் உட்காருவது? நமது பிள்ளைகள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு அலையும் அன்ரெனாவும் வெறும் பரீட்சைக் கேள்வியாகவே போகிறது. பாடசாலையில் ஹாம் கழகம் தொடங்கி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சைக்குத் தயார்படுத்தினால், கேட்கவும் குறிக்கவும் பதறாமல் பேசவும் பழகிய பத்துப் பேராவது ஊரில் இருப்பார்கள். பெண்பிள்ளைகளும்தான். வீட்டிலிருந்தே செய்யலாம்.

பெற்றோரின் பயம் விளங்குகிறது. யுத்த காலத்தில் வயர்லெஸ் என்ற சொல்லே ஆபத்து. ஆனால் ஹாம் என்பது அரசாங்கம் தரும் அழைப்புக்குறியைச் சொல்லி, யாரும் கேட்கப் பேசுவது. இரகசியக் குறியீட்டில் பேச அனுமதியே இல்லை.

செட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு சீஆர் கொப்பி வைப்போம்: போட் இலக்கம், எத்தனை பேர், போன நேரம், திரும்பும் நேரம். முதல் கொப்பிகளை நாம் வாங்கித் தருகிறோம். ஹாம் உரிமம் உள்ளவர்கள் நமது மாவட்டத்தில் இருந்தால் கீழே கொமென்டில் சொல்லுங்கள்.