வழியும் குடியும்

மாலை ஆறு மணியளவில் தாம்பரம் புகைவண்டி நிலையத்து நடைமேம்பாலத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், மின்சார வண்டி வந்து நிற்குந்தோறும் மக்கள் வெள்ளம் இறங்கி, மேற்குத் தாம்பரத்திற்கும் கிழக்குத் தாம்பரத்திற்குமாகப் பிரிந்து செல்லக் காண்போம். இத்துணைப் பேர் இங்குக் குடியேறியமைக்குக் காரணம் யாது?

"மக்கள் நெருங்கி வாழும் இடத்திற்கே ஊர்தி வேண்டும்; குடிகள் அருகிய இடத்திற்கு வண்டி விடுதல் வீண் செலவாம்" என்பார் பலர். இக்கூற்று பாதி உண்மையே. சென்னைக் கடற்கரையினின்று தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அந்நாளில் இப்பாதையின் தென்பகுதி பெரும்பாலும் வயலும் ஏரியும் சிற்றூருமாய் இருந்தது. நம் கல்லூரி நகரின் நடுவை விட்டு 1937-ல் இவ்விடம் வந்தபோதும் இது காடு சூழ்ந்த ஊரே. பின்னரே பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் ஒன்றோடொன்று இணையுமாறு வளர்ந்தன. 2021-ல் இவை ஒரே மாநகராட்சியாயின. வழி முந்திற்று, குடி பிந்திற்று. ஆதலின், குடி பெருகட்டும், பின் வழி செய்வோம் எனக் காத்திருத்தல் முறையன்று.

நிற்க. நிலையத்தின் அருகே நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் ஏறிவிட்டமையால், எளியோர் தொலைவிலுள்ள மலிவான மனைகளையே நாடுகின்றனர். கிழக்கே மாடம்பாக்கம், அகரம்தென். மேற்கே முடிச்சூர், வரதராசபுரம் என ஊர் விரிகின்றது. மலிவான நிலம் பலவிடத்துத் தாழ்ந்த நிலமாயும் இருக்கின்றது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராசபுரம் மக்கள் பட்ட துயரை நாம் மறந்திலோம். நல்ல மேட்டு நிலங்களுக்கு முன்னரே பேருந்து சென்றிருப்பின், அவருட் சிலரேனும் அங்கே குடியேறியிருப்பர் அன்றோ?

அன்றியும், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வருவதற்கு ஆகும் கட்டணத்தினும், நிலையத்தினின்று வீடு செல்லும் மூன்று கிலோமீட்டருக்குப் பங்கு ஆட்டோவில் கொடுப்பது மிகுதி. இரவில் தனித்து வரும் பெண்டிர்க்கோ பணத்தினும் அச்சமே பெரிது.

சென்னையில் 2013-ல் சிற்றுந்துகள் விடப்பட்டன. அத்தகைய வண்டிகள், மின்சார வண்டி வரும் நேரத்தை ஒட்டி, உட்தெருக்கள் வரை செல்லல் வேண்டும். புதிய மனைப்பிரிவுக்கு இசைவு தரும்பொழுதே அதற்குரிய பேருந்து வழியும் வகுக்கப்படல் வேண்டும். தொடக்கத்தில் இருக்கைகள் சில வெறுமையாய் இருக்கும் என்பது மெய்யே. விதைத்த அன்றே விளைவைக் கேட்கும் உழவன் இலன்.

மாணாக்கராகிய நாம் செய்யக்கூடுவதும் ஒன்றுண்டு. எத்தெருவினின்று எத்துணைப் பேர் நாள்தோறும் நிலையத்திற்கு நடக்கின்றனர் என்பதை ஒரு விடுமுறைக் காலத்தில் கணக்கெடுத்து மாநகராட்சிக்கு அளிக்கலாகாதா? அவ்வாறு அளிப்போமாயின், நம்மை இங்குக் கொணர்ந்த பாதைக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.