கடலை போடலாம் வாங்க!

அவசரப்படாதீங்க, நான் சொல்றது நிஜக் கடலை! திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்ல இதுக்குப் பேரு மல்லாட்டை. டி.எம்.வி.ன்னு தொடங்குற கடலை ரகங்கள் இருக்கே, அந்த மூணு எழுத்து குறிக்கிறதே திண்டிவனத்தைத்தான்.

செடியைப் பிடுங்கிப் பாருங்க. வேர்ல குட்டிக் குட்டி முடிச்சு. உள்ளே குடியிருக்கிற பாக்டீரியாகிட்ட நைட்ரஜனேஸ்னு ஒரு என்ஸைம். காத்துல இருக்கிற நைட்ரஜனை அது அம்மோனியாவா மாத்திடும், சாதாரண வயக்காட்டுச் சூட்டுலேயே! இதே வேலைக்கு உரத் தொழிற்சாலையில 400 டிகிரிக்கு மேல சூடு, காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேல அழுத்தம் வேணும். கூடவே கார்பன் டை ஆக்சைடு வேற.

அந்த என்ஸைமை நாமளே வேலைக்கு வெச்சுக்கிட்டா? அதுக்குச் சாப்பாடு எலெக்ட்ரான். கரன்ட்டுன்னாலே எலெக்ட்ரான் ஓட்டம்தானே!

புது ஐடியா இல்லீங்க. வீட்டுல தாத்தா சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப்ல இருக்கிறதே எலெக்ட்ரோடு மேல பூசின என்ஸைம்தான். குளுக்கோஸ்லேர்ந்து எலெக்ட்ரானை எடுத்து எலெக்ட்ரோடுக்குக் குடுக்கும். அதைத் திருப்பிப் போட்டு, எலெக்ட்ரோடுலேர்ந்து என்ஸைமுக்கு எலெக்ட்ரான் குடுத்தா மருந்து, ரசாயனம்னு பலதைப் புகையில்லாம தயாரிக்கலாம். 2017-ல அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துல ஷெல்லி மின்டீர் குழு நைட்ரஜனேஸை வெச்சே இதைச் செஞ்சது. ஒரு பக்கம் ஹைட்ரஜன்லேர்ந்து வேறொரு என்ஸைம் எலெக்ட்ரானைப் பிரிக்க, மறுபக்கம் நைட்ரஜனேஸ் அம்மோனியா தயாரிச்சது. எலெக்ட்ரானைச் சுமந்துட்டு ஓடினது மெத்தில் வயலஜன். கொஞ்சம் கரன்ட்டும் கிடைச்சது!

அப்போ உரத் தொழிற்சாலையை மூடிடலாமா? ம்ஹூம். கிடைச்ச அம்மோனியா ரொம்ப ரொம்பத் துளி. நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் பட்டா அவ்ளோதான், அவுட். ஏ.டி.பி.யும் ஊட்டணும், அது செலவு. செல்லை விட்டு வெளியே வந்த என்ஸைம் ரொம்ப நாள் தாங்காது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆள் தேவை.

ஆள் எங்கே? நம்ம ஊர்லேயே களம் இருக்கு. எலெக்ட்ரோடு ஆராய்ச்சிக்குன்னே காரைக்குடியில சிக்ரி இருக்கு. 1948 ஜூலை 25-ல நேரு அதுக்கு அடிக்கல் நாட்டினப்போ, சென்னை மாகாணத்தோட பிரதமர் யார் தெரியுமா? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்! மல்லாட்டை மண்ணுக்காரர்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. என்ஸைம் தெரிஞ்சவங்க பயோகெமிஸ்ட்ரியில, எலெக்ட்ரோடு தெரிஞ்சவங்க கெமிஸ்ட்ரியில, வேர் முடிச்சு தெரிஞ்சவங்க அக்ரியில. மூணு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்தாதான் இந்த வேலை நடக்கும். அதனால இன்னிக்குக் கேன்டீன்ல பக்கத்து டிபார்ட்மென்ட்டோட கொஞ்சம் கடலை போடுங்க... தப்பே இல்ல!