கேள்வி கேட்கும் கல்வி
கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆராய்ச்சிச்சாலையில், இயற்பியலாளர் ரதர்ஃபோர்டைச் சூழ்ந்திருந்த மேதைகள் தங்கள் வெற்றிகளைப் பேசாமல், விளங்காத பிரச்னைகளையே ஒருவர்முன் ஒருவர் வைத்து விவாதித்ததைக் கண்ணுற்ற ரெஜினால்டு ரெவன்ஸ், 1940-களில் பிரிட்டிஷ் நிலக்கரித் துறையின் கல்விப் பொறுப்பை ஏற்றபோது, சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, ஒருவருடைய சுரங்கத்தின் இடர்ப்பாட்டைப் பற்றி மற்றவர்கள் உபதேசம் செய்யாமல் கேள்விகளே கேட்கும்படி வகைசெய்தார். பிரச்னைக்கு உரியவர், தாம் செய்யப்போவதைச் சொல்லி, அதைச் செய்து, அடுத்த கூட்டத்தில் பலாபலனையும் ஒப்புவிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையே, செயல்வழிக் கற்றல் எனப்படும் இம்முறையின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நாள் சொற்பொழிவு கேட்டுச் சான்றிதழுடன் திரும்பும் அதிகாரிக்கு அத்தகைய கடமை எதுவும் இல்லை. பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், அடுத்த சொற்பொழிவாளரை அழைக்குமுன், நெடுநாளாய்த் தீராத ஒரு பிரச்னையை ஐந்தாறு பேரிடம் ஒப்படைத்துப் பார்க்கட்டும்.