‘ஐந்தாண்டுகள்தாம்’ என்று சொல்லிப் புறப்பட்டவர்கள்

வெளிநாட்டில் பல்லாண்டுகள் பணியாற்றித் தாயகம் திரும்பியவர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கு தொடங்கினாலும் இறுதியில் ஒரு வினாவில் வந்து நிற்கும். மீண்டும் முதலிலிருந்து புறப்படும் வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? அப்போதே தங்கம் வாங்கியிருக்கலாம் என்பார் ஒருவர். நகரத்தின் எல்லையில் மனை வாங்கியிருக்கலாம் என்பார் இன்னொருவர். இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விலை ஏறிய பின் எல்லோரும் தீர்க்கதரிசிகளே. பதினெட்டு ஆண்டுகள் துபாயில் கணக்காளனாக இருந்துவிட்டு 2019-இல் திரும்பியவன் நான். என் பட்டியலில் முதலில் நிற்பது ஒரு முதலீடு அன்று, ஒரு சொல். ‘தற்காலிகமாக’ என்னும் சொல்.

‘ஐந்தாண்டுகள்தாம், கடனை அடைத்துவிட்டு வந்துவிடுவேன்’ என்று சொல்லிப் புறப்பட்டேன். நான் அறிந்தவரை அனைவரும் ஏறக்குறைய அதையே சொல்லிப் புறப்பட்டார்கள். அதில் பொய் ஏதுமில்லை, உளமாரவே நம்பினோம். ஆனால் தற்காலிகம் என்று நாமே முடிவு செய்துவிட்ட ஒன்றுக்கு எவரும் முறையான ஏற்பாடு செய்வதில்லை. பெட்டியின் எடையை மூன்று முறை சரிபார்த்த நான், ஊரிலிருந்த என் வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு முறையும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கு, கல்லூரி முடித்த ஆண்டில் தொடங்கிய சாதாரணச் சேமிப்புக் கணக்கு. என் பெயரில் மட்டும் இருந்தது. அதற்கே மாதந்தோறும் பணம் அனுப்பினேன். ஓரளவு சேர்ந்ததும் விடுமுறையில் வந்து நிரந்தர வைப்பாக மாற்றினேன். என் தந்தை ஒவ்வொரு மாதமும் கிளைக்குச் சென்று கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்துகொண்டு வருவார். அதை அவர் ஒரு வழிபாடு போலவே செய்துவந்தார். புத்தகம் அவர் கையில் இருந்ததால் பணமும் அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருப்பதாக நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டோம்.

2011-இல் ஒரு விடியற்காலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் 80,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றார். என் பெயரில் அப்போது பதினொரு லட்சம் ரூபாய் இருந்தது. மேலாளர் எழுந்து வந்து அவரை அமரவைத்து, கணக்குதாரரின் கையொப்பமோ அவர் முறைப்படி அளித்த அதிகாரமோ இல்லாமல் ஒரு ரூபாயும் தர இயலாது என்று விளக்கியிருக்கிறார். அந்த மேலாளர்மீது எனக்குச் சினமில்லை. அவர் சொன்னது சரி. வேறு எவரேனும் என் தந்தையென்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாலும் அவர் அதையே சொல்லியிருக்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் அம்மாவின் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த வளையல்கள் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தன. ஆறு பவுன். மகனின் பதினொரு லட்சம் இருந்த அதே கிளையில் அவற்றை அடகு வைத்து நகைக்கடன் பெற்றார். விடுப்பு வாங்கி, பயணச்சீட்டு எடுத்து, நான் திருச்சிராப்பள்ளியில் வந்து இறங்க மூன்று நாட்களாயின.

அம்மா பிழைத்துக்கொண்டார். வளையல்களை அந்த வாரமே மீட்டேன். அப்பா இதைப் பற்றிப் பின்னர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்ய மாதந்தோறும் செல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

அந்தப் பயணத்தின்போதுதான் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதன்முறையாகக் கேட்டறிந்தேன். வருமான வரிச் சட்டம், ஒருவர் இந்தியாவில் எத்தனை நாட்கள் தங்கினார் என்று எண்ணிப் பார்க்கிறது. வங்கிக் கணக்குகளை ஆளும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமோ நோக்கத்தையும் பார்க்கிறது. வேலையை ஏற்பதற்காக ஒருவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டாலே, சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுகிறார். எவ்வளவு காலம் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் வெளியே தங்கும் எண்ணம் உடையவரையும் அது அவ்வாறே கருதுகிறது. ‘ஐந்தாண்டுகள்தாம்’ என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததைச் சட்டம் நம்பவில்லை என்பதை எண்ணும்போது இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம்மைவிட அதற்கு நம்மை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

புறப்பட்டவுடனேயே வங்கிக்குத் தெரிவித்துப் பழைய கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். வெளிநாட்டு ஊதியத்திற்கென என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் தனியே தொடங்கியிருக்க வேண்டும். என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அசலையும் வட்டியையும் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். என்.ஆர்.ஓ. வட்டிக்கோ 30 விழுக்காடும் அதற்கு மேல் தீர்வையும் மூலத்திலேயே பிடிக்கப்படும். பத்தாண்டுகள் நான் அனுப்பிய பணம் தவறான கணக்கில் கிடந்து, செலுத்தத் தேவையில்லாத வரியைச் செலுத்தியது. இது பண இழப்பு, மறந்துவிட்டேன். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் அளித்திருந்தால் அவர் என் கணக்கிலிருந்து உள்நாட்டுச் செலவுகளுக்குப் பணம் எடுத்திருக்கலாம் என்பதே என்னால் மறக்க முடியாதது. புறப்படுவதற்கு முன் அரை நாளில் முடிந்திருக்கும் வேலை அது. அங்கிருந்து செய்வதாயின், தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பி, பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

என்னுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் வருத்தம் வேறு வகையானது. அவருடைய மாத ஊதியம் 8,000 திர்ஹாம். ஆனால் பணி ஒப்பந்தத்தில் அடிப்படை ஊதியம் 3,000 மட்டுமே, எஞ்சியவை படிகள். கைக்கு வரும் தொகை ஒன்றுதானே என்று கையொப்பமிட்டுவிட்டார். ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பணிமுடிவுக் கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியம், அதன் பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் ஊதியம். அது அடிப்படை ஊதியத்தை மட்டுமே கொண்டு கணக்கிடப்படும். பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர் 1,32,000 திர்ஹாம் வரும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார், வந்தது 49,500. கணக்காளனான நான் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தும் இதை ஒரு நாளும் அவரிடம் பேசியதில்லை. இருவருமே விரைவில் ஊர் திரும்பப் போகிறவர்கள் அல்லவா!

என் மனைவியிடம் இந்த வினாவைக் கேட்டபோது அவர் கணக்குகளைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் வணிகவியல் முதுகலைப் பட்டம் பெற்றவர். அங்கே பட்டத்தைக் காட்டி வேலை பெற வேண்டுமெனில், இங்கே மாநில அரசு, மத்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் ஆகியவற்றின் சான்றொப்பங்களைப் பெற்றபின் அங்கும் ஒரு சான்றொப்பம் பெற வேண்டும். என் சான்றிதழ்களுக்கு நிறுவனம் அதைச் செய்து முடித்தது. அவருடைய சான்றிதழ் ஊரில் பீரோவிலேயே கிடந்தது. ‘எப்படியும் திரும்பிவிடுவோம், எதற்கு வீண் அலைச்சல்’ என்று சொன்னவன் நான்தான். நான்காண்டுகள் கழித்து அவர் தாமே முயன்று வேலைக்குச் சேர்ந்தார். அந்த நான்காண்டுகளை நான் திருப்பித் தர இயலாது என்பதை அவர் எப்போதேனும் நினைவூட்டுவார், நியாயமே.

ஊரில் மூன்று மாடி வீடு கட்டிப் பூட்டி வைத்திருப்பவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை. நிலத்தைப் பற்றி மட்டும் ஒன்று. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு, மனை வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க இயலாது. பரம்பரையாக வருவதைத் தடுப்பார் இல்லை. இதை அறியாமல் முதல் சேமிப்பில் நஞ்சை வாங்கிவிட்டு, பின்னர் விற்க முற்படும்போது திகைப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால் போயிருக்கவே கூடாது என்கிறேன் என எவரும் கருத வேண்டாம். 2022-இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த அளவை எட்டிய முதல் நாடு இந்தியா. அதில் எத்தனை தங்கைகளின் திருமணமும் எத்தனை தம்பிகளின் படிப்பும் அடங்கியிருக்கின்றன! என் வீட்டுக் கடனும் அப்படித்தான் அடைந்தது. மீண்டும் வாய்ப்பு வந்தால் நான் மீண்டும் போவேன். ஆனால் வந்துவிடுவேன் என்ற வாக்கை ஓர் ஏற்பாடாக எண்ணிக்கொள்ள மாட்டேன். திரும்பும் நாளை எப்போதும் நாமே முடிவு செய்வதில்லை. 1990-இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா விமானங்கள் ஏற்றி வந்தன. பலர் கையில் ஒரு பையுடன் வந்தார்கள். 2020 மே மாதத்தில் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் மீட்பு விமானங்கள் புறப்பட்டபோது என் பழைய தோழர்கள் சிலர் ஒரே வாரத்தில் வேலையும் வீடும் விட்டு வந்தார்கள். அங்கே பெரும்பாலோருக்கு வேலை போனால் தங்கும் உரிமையும் போய்விடும்.

இவற்றையெல்லாம் புறப்படும் வேளையில் ஏன் பேசுவதில்லை? அமங்கலம் என்று தோன்றுகிறது. வாரிசு நியமனம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒருவரையேனும் எழுதி வைக்காதவர்கள் எத்தனையோ பேர். வங்கிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாடிக்கையாளர் கடல் கடந்து செல்கிறார் என்று தெரிந்தவுடன் அவரை மட்டுமல்லாது, ஊரில் இருக்கப் போகும் பெற்றோரையோ மனைவியையோ உடன் அழைத்து அமரவைத்துப் பேசுங்கள். கணக்குப் புத்தகத்துக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை என் தந்தைக்கு எவரேனும் முன்பே சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற மாதம் என் தங்கை மகன் தோகாவுக்குப் புறப்பட்டான். முதல் நாள் மாலை வரை கடைத்தெருவில் அலைந்துகொண்டிருந்தவனை, அதற்கு இரண்டு நாள் முன்பு வற்புறுத்தி வங்கிக்கு அழைத்துச் சென்றேன். தங்கையும் உடன் வந்தாள். ‘நல்ல காரியத்துக்குப் புறப்படும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு, அண்ணா? மூன்று வருடத்தில் வந்துவிடப் போகிறான்’ என்றாள். நான் மறுமொழி சொல்லவில்லை. அவளுடைய சேமிப்புக் கணக்கில் அவன் பெயரைச் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். அவனுடைய கணக்கு மாற்றத்துக்கான படிவத்திலும் அதிகாரப் பத்திரத்திலும் அவன் கையொப்பமிட்டான். தங்கை மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு, படிவத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.